உலர் திராட்சை உண்ட ஈ

மணல் ஈ என்னும் பெயர் வாசிப்பவரை இரண்டு வகையில் ஏமாற்றக்கூடியது. அது மணலில் வாழ்வதுமில்லை, சோற்றுத் தட்டைச் சுற்றி மொய்க்கும் ஈயைப் போலத் தோன்றுவதுமில்லை. உடலின் நிறம் மணலை ஒத்திருந்ததால் ஆங்கிலத்தில் ஏற்பட்ட பெயரைத் தமிழ்ப் பாடநூல்கள் அப்படியே பெயர்த்துக்கொண்டன என்பதற்கு மேல் அந்தப் பெயரில் பொருள் ஒன்றும் இல்லை. குளியலறைச் சுவரிலும் கழிவுநீர்த் துளையின் ஓரத்திலும் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், சிறகெல்லாம் மயிரடர்ந்த, சாம்பல் நிறச் சிறு பூச்சியைப் பார்க்காத வீட்டார் இருக்கமாட்டார்கள். மணல் ஈ அந்தப் பூச்சியின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் இரத்தம் குடிக்கும் வழக்கத்தைக் கைக்கொண்ட கிளை. 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளம், கொசுவில் பாதிகூட இல்லாத உருவம், உட்காரும்போது முதுகின்மேல் ஆப்பு வடிவில் தூக்கி நிறுத்திய இரு சிறகுகள், பறப்பதைவிடத் தத்துவது என்றே சொல்லத்தக்க குறுகிய எழும்பல் ஆகியவற்றைக் கொண்டு இதை அடையாளம் காணலாம். கொசுவைப் போல இது காதருகே ரீங்கரிப்பதில்லை. சாதாரணக் கொசுவலையின் கண்கள் வழியே எளிதாக நுழைந்துவிடும்.

உலகில் ஏறத்தாழ 1,000 மணல் ஈ இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மனிதருக்கு நோய் கடத்துபவை 100க்கும் குறைவு. இந்த அத்தியாயம் அவற்றுள் ஒன்றேயொன்றைப் பற்றியது. கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த நெல்சன் அன்னன்டேல், புருனெட்டி ஆகிய இருவரும் 1908இல் அதற்கு ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டைப்பஸ் என்று பெயரிட்டனர்; பின்சொல்லுக்கு வெள்ளிக்கால் என்று பொருள். வங்காளம், பீகார், அஸ்ஸாம் தொடங்கித் தமிழகக் கடலோரம், இலங்கை வரை இந்த வெள்ளிக்கால் ஈ பரவியுள்ளது. பகலில் மண் சுவரின் விரிசல்களிலும் மாட்டுக்கொட்டகையின் இருண்ட மூலைகளிலும் ஒண்டியிருந்து, இரவில் வெளிவந்து, பெரும்பாலும் மாட்டையும் வாய்ப்புக் கிடைத்தால் மனிதரையும் கடிக்கும். கடிப்பது பெண் ஈ மட்டுமே. கொசுவின் ஊசி போன்ற உறிஞ்சுகுழல் நேரே ஒரு நுண்குழாயைத் தேடிப் பிடிக்கிறது. மணல் ஈயின் குட்டையான வாயுறுப்போ ரம்பம் போலத் தோலை அறுத்து, அங்கு ஊறித் தேங்கும் இரத்தத்தைக் குட்டையிலிருந்து நீர் பருகுவதைப் போலப் பருகுகிறது. அந்த இரத்தத்தைக் கொண்டே முட்டைகள் முதிர்கின்றன. முட்டைகளை அது தண்ணீரில் இடுவதில்லை. சாணமும் மட்கிய இலைகளும் கலந்த ஈர மண்ணில் இடுகிறது. அங்கே புழுக்கள் நான்கு பருவங்கள் வளர்ந்து கூட்டுப்புழுவாகி ஈயாக வெளிவர ஐந்தாறு வாரங்கள் ஆகும். மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் அந்தப் புழுக்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பூச்சியியலாளரின் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கொசு ஒழிப்பில் குட்டைகளையும் தொட்டிகளையும் குறிவைப்பதுபோல இந்த ஈயின் பிறப்பிடத்தைக் குறிவைக்க முடியாமல் போனதற்கு அதுவே காரணம்.

இந்த ஈ கடத்தும் நோய்க்குக் காலா அசார் என்பது வட இந்தியப் பெயர். கருமை என்னும் இந்திச் சொல்லும் நோய் என்னும் பாரசீகச் சொல்லும் சேர்ந்தது. தமிழில் கருங்காய்ச்சல் என்பர். நோய்க் காரணி லெய்ஷ்மேனியா டோனவானி என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. உடலுக்குள் நுழையும் கிருமிகளை விழுங்கிச் செரிப்பதற்கென்றே அமைந்த பெருவிழுங்கிகள் என்னும் வெள்ளணுக்கள் இதையும் விழுங்குகின்றன. ஆனால் விழுங்கப்பட்ட ஒட்டுண்ணி அந்தச் செரிப்பறைக்குள்ளேயே சாகாமல் தங்கிப் பெருகி, அணுவை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த அணுவுக்குள் புகுகிறது. காவலாளியின் அறையையே கள்வன் குடியிருப்பாக்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகிய மூன்றிலும் நடக்கிறது. வாரக்கணக்கில் நீளும் காய்ச்சல், இடுப்பெலும்பை எட்டுமளவு வீங்கும் மண்ணீரல், இரத்தச்சோகை, கைகால் மெலிந்து வயிறு மட்டும் துருத்தி நிற்கும் தோற்றம், சிலருக்குத் தோல் கறுத்தல் என்று நோய் முற்றும். மருத்துவமின்றி விட்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோர் இறந்துவிடுவர்.

19ஆம் நூற்றாண்டில் இந்நோய் கீழை வங்கத்தின் ஜெசோரிலும் பின்னர் பர்த்வானிலும் கொள்ளைநோயாகப் பரவியது. 1870களில் காரோ மலையடிவாரத்தில் தோன்றிப் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கில் மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்தது. ஆங்கிலேய ஆட்சி மலைக்கு வந்துசேர்ந்த காலமும் நோய் வந்த காலமும் ஒன்றாக இருந்ததால் காரோ மக்கள் அதைச் சர்க்கார் நோய் என்றே அழைத்தனர். 1891க்கும் 1901க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் அஸ்ஸாமின் நவ்காங் மாவட்டம் தன் மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தது. காரணம் தேடி அனுப்பப்பட்ட மருத்துவர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பழக்கமான ஒன்றையே அங்கு கண்டனர்: ஜார்ஜ் கைல்ஸ் கொக்கிப்புழு என்றார், லெனார்ட் ராஜர்ஸ் கடுமையான மலேரியா என்றார், கொசுவையும் மலேரியாவையும் இணைத்துப் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸும் ராஜர்ஸின் பக்கமே சாய்ந்தார். நோயாளிகளின் உடலில் கொக்கிப்புழுவும் மலேரியாவும் இருந்தது உண்மை; அந்நாளைய அஸ்ஸாமில் அவை இல்லாத உடலைக் காண்பதே அரிது என்பதால், அவற்றைக் கண்டது எதையும் மெய்ப்பிக்கவில்லை.

முடிச்சு அவிழத் தொடங்கியது 1903இல், அதுவும் சென்னையில். கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம் டம் படைமுகாமிலிருந்து திரும்பிய வீரர் ஒருவர் இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவமனையில் 1900இல் இறந்தபோது, அவரது மண்ணீரலில் வில்லியம் லெய்ஷ்மன் நீள்வட்டமான நுண்ணுருக்களைக் கண்டார். ஒவ்வொன்றிலும் பெரிதும் சிறிதுமாக இரண்டு புள்ளிகள் சாயத்தில் சிவந்து தெரிந்தன. அவை இறந்த உடலில் சிதைந்துபோன வேறோர் ஒட்டுண்ணியின் மிச்சமாக இருக்கலாம் என்ற கருத்தோடு அவர் 1903 மே மாதத்தில்தான் அதை வெளியிட்டார். சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றியவரும், கல்கத்தாவில் பிறந்த ஐரிஷ்காரருமான சார்லஸ் டோனவன், இறந்தோரின் மண்ணீரல்களில் அதே உருவங்களை அதற்கு முன்பே பார்த்திருந்தார். லெய்ஷ்மனின் கட்டுரையைக் கண்டதும் ஜூன் 17ஆம் நாள் உயிருள்ள ஒரு சிறுவனின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி எடுத்த துளியிலும் அவை இருப்பதைக் கண்டார். உயிருள்ள உடலில் இருப்பவை சிதைவுப் பொருள்களாக இருக்க முடியாது. பாரிஸிலும் இங்கிலாந்திலும் இருந்த வல்லுநர்களுக்கு அவர் அனுப்பிய கண்ணாடித் தகடுகள் விவாதங்களைக் கிளப்பின. அவ்வாண்டு நவம்பரில் ராஸ் இருவர் பெயரையும் பிணைத்து லெய்ஷ்மேனியா டோனவானி என்று பெயர் சூட்டினார். யார் முந்தியவர் என்ற பூசலுக்கு இதைவிடச் சாதுரியமான தீர்ப்பைச் சொல்லியிருக்க முடியாது.

ஒட்டுண்ணி பிடிபட்டது, அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எப்படிச் செல்கிறது என்பது பிடிபட மேலும் 39 ஆண்டுகள் ஆயின. முதல் குறிப்பு 1904இலேயே கிடைத்துவிட்டது. நோயாளியின் மண்ணீரல் இரத்தத்தை உறையாதபடி செய்து, உடல் வெப்பத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் ராஜர்ஸ் வைத்திருந்தபோது, அசைவற்ற அந்த உருண்டைகள் நீண்டு, முன்முனையில் சவுக்கைப் போன்ற கசையிழை ஒன்றை வளர்த்துக்கொண்டு நீந்தத் தொடங்கின. குளிர்ச்சியில் உருமாறும் ஓர் ஒட்டுண்ணிக்குக் குளிர்ந்த உடலுடைய மற்றோர் உயிர் வீடாக இருக்க வேண்டும் என்பதும், அது இரத்தம் குடிக்கும் பூச்சியாக இருக்கலாம் என்பதும் இயல்பான ஊகங்கள். எந்தப் பூச்சி? ஏழைகளின் கட்டிலில் எப்போதும் கிடைத்த மூட்டைப்பூச்சியின்மேல் ராஜர்ஸுக்கு ஐயம். சென்னையில் ஆய்வு செய்த டபிள்யூ. எஸ். பேட்டன் மூட்டைப்பூச்சியின் குடலில் ஒட்டுண்ணி உருமாறுவதை 1907இல் கண்டு, அந்தக் கட்சியைப் பல ஆண்டுகள் விடாமல் தாங்கினார். ஜார்ஜ் டவுன் பகுதியில் நோயாளிகள் குவிவதைக் கவனித்த டோனவனோ கட்டில்களிலும் சுவர்களிலும் பதுங்கும் வேறொரு பெரிய மூட்டையினப் பூச்சியைச் சந்தேகித்தார். குடலுக்குள் உருமாறுவதைக் காண்பது ஒன்று. அந்தப் பூச்சி கடித்து நோய் உண்டாவதைக் காண்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பலரும் சொன்னார்கள். அதை நிறைவேற்றுவதற்குரிய வழியை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளிக்கால் ஈயின்மேல் கவனத்தைத் திருப்பியது நுண்ணோக்கி அன்று, நிலப்படம். முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருது பெற்றவரும், அவ்விருதையும் ராயல் சொசைட்டி உறுப்பினர் பதவியையும் ஒருங்கே பெற்ற ஒரே மனிதருமான ஜான் சின்டன், இந்திய மணல் ஈக்கள் எங்கெங்கே கிடைக்கின்றன என்று தொகுத்துக்கொண்டு வந்தார். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய குறிப்புகளில், கருங்காய்ச்சல் பரவிய நிலப்பரப்பும் அர்ஜென்டைப்பஸ் பரவிய நிலப்பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதைச் சுட்டினார். மூட்டைப்பூச்சியோ நோய் இல்லாத மாகாணங்களிலும் தாராளமாக இருந்தது. ஏறத்தாழ அதே வேளையில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நோல்ஸ், நேப்பியர், ஸ்மித் ஆகிய மூவர் நோயாளிகளைக் கடிக்கவிட்ட அர்ஜென்டைப்பஸ் ஈக்களை அறுத்துப் பார்த்தபோது, அவற்றின் குடலில் கசையிழை கொண்ட உருக்கள் திரள்திரளாக நீந்தின. மூட்டைப்பூச்சியில் அரிதாகவும் தயக்கத்தோடும் நடந்தது இந்த ஈயில் தாராளமாக நடந்தது. உருக்கள் நாள் செல்லச் செல்லக் குடலின் பின்பகுதியை விட்டு முன்னோக்கி, வாய்ப்பக்கம் நகர்வதும் தெரிந்தது. அஸ்ஸாமில் கருங்காய்ச்சல் ஆணையமாக அமர்ந்திருந்த கிறிஸ்டோபர்ஸ், ஷார்ட், பாரோட் ஆகியோரும் இதையே கண்டனர். இனி ஒரே ஒரு படிதான் எஞ்சியது என்று எல்லோரும் நம்பினர்.

அந்த ஒரு படியைக் கடக்க ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆயின. நோயாளியைக் கடித்த ஈயைச் சில நாள் உயிரோடு வைத்திருந்து, நோயில்லாத ஓர் உயிரைக் கடிக்கவைத்து, அதற்கு நோய் வருவதைக் காட்ட வேண்டும் என்று சொல்வது எளிது; 3 மில்லிமீட்டர் உயிரிடம் அதைச் செய்துகாட்டுவது வேறு. ஈக்களைக் கண்ணாடிக் குழாய்களிலும் மெல்லிய துணிக் கூண்டுகளிலும் ஈரம் குறையாமல் காக்க வேண்டும்; சற்றே உலர்ந்தாலும் அவை சுருண்டு மடியும். முதல் இரத்த உணவு செரித்து முட்டையிட்ட உடனேயே பெரும்பாலான ஈக்கள் இறந்துபோயின. தப்பியவற்றுக்கு மறுபடி இரத்தமே உணவாகக் கொடுக்கப்பட்டது, ஏனெனில் இரத்தம் குடிக்கும் பூச்சிக்கு இரத்தத்தைத் தவிர வேறென்ன தேவைப்படும் என்றே எல்லோரும் எண்ணினர். ஆய்வு விலங்குக்கும் தட்டுப்பாடு. சீன ஹாம்ஸ்டர் என்னும் சிறு கொறிவிலங்குக்கு இந்நோய் எளிதில் தொற்றும் என்று 1924இல் சீனாவில் தெரியவந்தது. ஆனால் அது கூண்டில் இனம்பெருக்க மறுத்தது. (இதே தட்டுப்பாட்டால் ஜெருசலேமில் இருந்த லெய்ஷ்மேனியா ஆய்வாளர் சவுல் அட்லர் வேறோர் இனத்தைத் தேடச் சொன்னதன் விளைவாகவே, 1930இல் சிரியாவின் அலெப்போ அருகே தங்க நிற ஹாம்ஸ்டர்கள் தோண்டி எடுக்கப்பட்டன, இன்று உலகெங்கும் குழந்தைகள் செல்லப்பிராணியாக வளர்க்கும் தங்க ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரு பிடியின் வழிவந்தவை.) 1931இல் ஷார்ட், ஸ்மித், சுவாமிநாத், கிருஷ்ணன் ஆகிய நால்வர் ஈக்கடியால் ஹாம்ஸ்டருக்கு நோயைக் கடத்திக் காட்டினர். ஆயினும் வேண்டும்போது அதை மீண்டும் நிகழ்த்திக் காட்ட இயலவில்லை. மனிதர்களைக் கடிக்கவிட்ட முயற்சிகளும் பலனின்றி முடிந்தன. ஈ குற்றவாளி அன்று என்று சிலர் மறுபடியும் முணுமுணுக்கத் தொடங்கியதில் வியப்பில்லை.

பூட்டைத் திறந்த சாவி உலர் திராட்சை. ஸ்மித், ஹால்தார், அகமது ஆகிய மூவர், முதல் இரத்த உணவுக்குப் பின் ஈக்களுக்கு இரண்டாம் முறை இரத்தம் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஊறவைத்த திராட்சையின் சாற்றை உண்ணக் கொடுத்துப் பார்த்தனர். இரத்தம் முட்டைக்கு உதவுகிறதே தவிர, பறக்கவும் உயிர்வாழவும் வேண்டிய ஆற்றலை ஈ இயற்கையில் செடிகளின் இனிப்புச் சாற்றிலிருந்தே பெறுகிறது. ஆண் ஈக்களுக்கு அது ஒன்றே உணவு என்பது எல்லோரும் அறிந்திருந்தும், பெண் ஈக்கும் அது வேண்டும் என்பதை இத்தனை ஆண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. திராட்சை உண்ட ஈக்கள் நீண்ட நாள் வாழ்ந்தன. அவற்றின் குடலில் ஒட்டுண்ணிகள் தடையின்றிப் பெருகின. இறுதியில் தொண்டைப்பகுதி முழுவதும் அடைத்துக்கொள்ளும் அளவுக்கு நிரம்பின. 1940இல் வெளியிட்ட கட்டுரையில் அவர்கள் இதை அடைபட்ட ஈ என்று குறித்தனர். பிளேக் நோயைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியின் தொண்டையும் இவ்வாறே பாக்டீரியாக்களால் அடைபடுகிறது என்பது கால் நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. அடைபட்ட ஈ இரத்தம் குடிக்க முயலும்போது உறிஞ்சியது உள்ளே இறங்காமல், அடைப்பில் உள்ளதையும் சேர்த்துக்கொண்டு கடிவாய்க்கே திரும்பிவிடுகிறது. 1941இல் இத்தகைய ஈக்கள் ஹாம்ஸ்டர்களைக் கடித்து நோயை உண்டாக்கின. 1942இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவர் திராட்சை ஊட்டிய ஈக்களை ஐந்து தன்னார்வலர்களைக் கடிக்கவிட்டனர். ஐவருக்கும் தொற்று ஏற்பட்டது. இன்றைய நெறிமுறைக் குழு எதுவும் அனுமதிக்காத அந்தச் சோதனையை அன்று துணிந்து செய்ய முடிந்ததற்கு, கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி 1920களின் தொடக்கத்திலேயே உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்னும் ஆன்டிமனி மருந்து கையிலிருந்தது ஒரு காரணம். ஷார்ட் பின்னர் மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் ஒளிந்து வளரும் பருவத்தைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார். மனிதருக்குக் கருங்காய்ச்சல் எப்படி வருகிறது என்பதை மெய்ப்பித்த கட்டுரையின் முதல் ஆசிரியரான சுவாமிநாத்தின் பெயரோ துறைக்கு வெளியே அனேகமாக எவருக்கும் தெரியாது.

அடைபட்ட ஈக்குள் நடப்பது என்ன என்பதைப் பிற்கால ஆய்வுகள் துலக்கின. ஈ குடித்த இரத்தத்தைச் சுற்றி அதன் குடல் ஒரு மெல்லிய உறையைப் போர்த்துகிறது; ஒட்டுண்ணிகள் அந்த உறையிலிருந்து தப்பிக் குடற்சுவரைப் பற்றிக்கொள்ளாவிட்டால், செரித்த இரத்தத்தின் எச்சத்தோடு சேர்ந்து வெளியேறிவிடும். தப்பியவை பெருகி, குடலின் முன்வாயிலில் ஒருவழிக் கதவு போல இயங்கும் இதழைத் தம் நொதியால் அரித்துப் பழுதாக்குகின்றன. கூடவே ஒருவகைக் கூழையும் சுரந்து அந்த வாயிலை அடைக்கின்றன. கதவு சரியாக மூடாத, தொண்டையில் கூழ் நிரம்பிய ஈயால் ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்க முடிவதில்லை. ஆகவே அது திரும்பத் திரும்பக் கடிக்கிறது, ஒவ்வொரு கடியிலும் கூழையும் ஒட்டுண்ணிகளையும் உமிழ்கிறது. அந்தக் கூழே பெருவிழுங்கிகளைக் கடிவாய்க்கு ஈர்க்கிறது என்பது இந்த ஏற்பாட்டின் உச்சம்: ஒட்டுண்ணி தன் வீட்டைத் தேடிச் செல்வதில்லை, வீடே அதைத் தேடி வருகிறது. ஈயின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்களும் நாளங்களை விரிக்கும் பொருள்களும் உள்ளன. இவையெல்லாம் சேர்ந்த ஈக்கடியும் ஆய்வக ஊசியும் ஒன்றல்ல என்பதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு முகத்திலறைந்தாற்போல் காட்டியது. தோலில் புண்களை உண்டாக்கும் லெய்ஷ்மேனியாவுக்கு எதிராக எலிகளுக்குப் போட்ட ஒரு தடுப்பூசி, ஊசிவழி செலுத்திய ஒட்டுண்ணிகளைத் தடுத்தது. அதே ஒட்டுண்ணிகளை ஈ கடித்துச் செலுத்தியபோது தோற்றுப்போனது. ஊசியை வைத்தே தடுப்பூசிகளை மதிப்பிட்டு வந்த பல்லாண்டுப் பழக்கம் அதோடு ஐயத்துக்குரியதாயிற்று.

திராட்சை ஆய்வின் பாடத்துக்கும் ஒரு திருத்தம் வந்தது. முழு முதிர்ச்சியடைந்து, தொற்றுவதற்கு ஆயத்தமாகிவிட்ட ஒட்டுண்ணிகள் இனிப் பெருகுவதில்லை, மனித உடலுக்குச் செல்லக் காத்திருக்கின்றன என்றே நூல்கள் எழுதிவந்தன. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, தொற்றுள்ள ஈ இரண்டாம் முறை இரத்தம் குடித்தால், முதிர்ந்த ஒட்டுண்ணிகள் பின்னோக்கி உருமாறி, மீண்டும் பெருகி, ஈயின் தொற்றுத்திறனைப் பன்மடங்கு உயர்த்துகின்றன. அதாவது 1920களின் ஆய்வாளர்கள் இரண்டாம் இரத்த உணவு கொடுத்தது தவறன்று. இனிப்பை முற்றிலும் மறுத்ததே தவறு. வயலிலும் கொட்டகையிலும் வாழும் ஈ இரத்தத்தையும் சாற்றையும் மாற்றி மாற்றி உண்கிறது. ஆய்வகங்கள் அதன் உணவில் ஒரு பாதியையே ஒவ்வொரு முறையும் பரிமாறி வந்துள்ளன.

ஈயை அறிந்ததன் பலன் உடனடியாகக் கிட்டியது போலத் தோன்றியது. 1950களில் மலேரியா ஒழிப்புக்காக வீட்டுச் சுவர்களில் டிடிடி தெளிக்கப்பட்டபோது, யாரும் குறிவைக்காமலேயே மணல் ஈக்கள் மடிந்து, கருங்காய்ச்சலும் கண்ணிலிருந்து மறைந்தது. தெளிப்பு நின்றது, 1970களில் வட பீகாரில் நோய் திரும்பியது, 1977இல் அது கொள்ளைநோயாகவே ஆனது. 1992இல் மட்டும் இந்தியாவில் 77,102 பேருக்கு நோய் பதிவாகி 1,419 பேர் இறந்தனர். பிரம்மச்சாரியின் காலத்திலிருந்து நம்பப்பட்டு வந்த ஆன்டிமனி மருந்துகள் அதே பீகாரில் பெரும்பாலான நோயாளிகளிடம் பலிக்காமல் போயின. ஈக்களும் டிடிடியைத் தாங்கக் கற்றன. தெளிப்பு முறையிலும் ஓர் ஊகம் புதைந்திருந்தது: தத்திப் பறக்கும் ஈ உயரப் போகாது என்று சுவரின் 6 அடி உயரம் வரை மட்டுமே மருந்து அடிக்கப்பட்டது. பீகார் கிராமங்களில் பனை மரங்களின் உச்சி மட்டைகளுக்கிடையே பொறி வைத்துப் பார்த்தவர்கள் அங்கேயும் வெள்ளிக்கால் ஈக்களைப் பிடித்தபோது, அந்த ஊகம் ஆட்டம் கண்டது.

2005இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய மூன்றும் சேர்ந்து நோயை ஒழிக்க உடன்பாடு செய்துகொண்டன. இங்கே ஒழிப்பு என்பதற்கு அறவே இல்லாமல் செய்வது என்று பொருளல்ல. இந்தியாவில் ஒவ்வோர் ஒன்றியத்திலும் ஆண்டுக்கு 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோயைக் கட்டுப்படுத்துவது என்றே பொருள். விரல் நுனி இரத்தத்தில் நிமிடங்களில் விடை சொல்லும் பரிசோதனைப் பட்டை, முதலில் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டு இந்நோய்க்குரிய முதல் வாய்வழி மருந்தான மில்டெஃபோசின், கொழுப்புக் குமிழ்களில் பொதிந்து ஒரே நாளில் ஒரே தவணையாகச் செலுத்தும் ஆம்ஃபோடெரிசின், டிடிடிக்குப் பதிலாகப் பைரித்திராய்டு பூச்சிக்கொல்லி ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இந்தியாவில் 2023இல் பதிவான நோயாளிகள் 595 பேர். அவ்வாண்டு அக்டோபரில் வங்கதேசம் உலகிலேயே முதலாவதாக ஒழிப்புச் சான்று பெற்றது.

இதற்கிடையே இலங்கை வேறொரு புதிரை முன்வைத்தது. 1990களின் தொடக்கம் முதல் அங்கே பரவிவரும் லெய்ஷ்மேனியா நோய் தோலில் ஆறாப் புண்களையும் கட்டிகளையும் உண்டாக்குகிறதே தவிர, மண்ணீரலைத் தொடுவது மிக அரிது. ஆனால் ஒட்டுண்ணியைப் பிரித்துப் பார்த்தால் அது பீகாரில் உயிர் குடிக்கும் அதே டோனவானி இனம். கடத்துவதும் அதே வெள்ளிக்கால் ஈ. கேரளத்தின் அகத்தியமலைக் காடுகளில் வாழும் காணி மக்களிடையிலும் இதே இனத்தால் தோல்நோய் காணப்படுகிறது. ஈயும் இனமும் ஒன்றாயிருக்க, ஓரிடத்தில் உடலுறுப்பையும் மற்றோரிடத்தில் தோலையும் ஒட்டுண்ணி தேர்வது அதன் மரபணுக்களில் ஏற்பட்ட சிறு மாற்றங்களாலா, மக்களின் உடல்வாகாலா என்பது இன்றும் சூடான ஆய்வுப் பொருள்.

எண்ணிக்கை சுருங்கச் சுருங்க, எஞ்சிய ஒட்டுண்ணி யாரிடம் தங்கியிருக்கிறது என்னும் வினா முன்னே வந்தது. இந்தியாவில் இந்நோய்க்கு விலங்குச் சேமிப்பு இல்லை; மனிதரிடமிருந்து ஈக்கு, ஈயிடமிருந்து மனிதருக்கு என்பதே சுற்று. நோயாளி ஒருவருக்கு எதிரே, தொற்று இருந்தும் அறிகுறி ஏதுமில்லாதவர் பலர் அதே கிராமத்தில் இருப்பர். அவர்களும் ஈக்குத் தொற்றுக் கொடுப்பவர்கள் என்றால் ஒழிப்புத் திட்டமே பொருளிழந்துவிடும். இதை அறிய பீகாரின் முசாஃபர்பூரில் 2016 முதல் 2019 வரை ஓர் ஆய்வு நடந்தது. ஆய்வகத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த, தொற்றில்லாத வெள்ளிக்கால் ஈக்களைச் சிறு குப்பிகளில் அடைத்து, குப்பியின் வலைமூடிய வாயை ஒருவரின் தோல்மேல் அரை மணி நேரம் பொருத்திக் கடிக்கவிட்டு, சில நாள் கழித்து அந்த ஈக்களை ஆராய்ந்தனர். காய்ச்சலோடு வந்த நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஈக்குத் தொற்றைக் கொடுத்தனர். அறிகுறியற்றவர்களில் ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருந்தது. கருங்காய்ச்சல் குணமாகி மாதங்களோ ஆண்டுகளோ கழிந்தபின், முகத்திலும் கைகளிலும் வெளிறிய திட்டுகளும் சிறு முடிச்சுகளும் தோன்றும் நிலையைப் பிரம்மச்சாரி 1922இலேயே விவரித்திருந்தார். அந்நிலையில் உள்ளவர்களைக் கடித்த ஈக்களிலும் ஒட்டுண்ணி இருந்தது. ஐவரில் இருவர் என்ற அளவில் அவர்கள் ஈக்குத் தொற்றைக் கொடுத்தனர்.

அந்தத் திட்டு வலிப்பதில்லை, அரிப்பதில்லை, காய்ச்சலும் இல்லை. தொழுநோயோ என்று அஞ்சி மறைப்பவர் உண்டு, வெயிலில் வந்த தேமல் என்று விட்டுவிடுபவர் அதைவிட அதிகம். மருத்துவமோ 12 வாரங்கள் நாள்தோறும் மாத்திரை விழுங்குவது. உடலில் ஒரு குறையும் உணராத ஒருவரிடம், பக்கத்து வீட்டுப் பிள்ளையை ஓர் ஈ கடிக்கக்கூடும் என்பதற்காக மூன்று மாதம் மருந்து சாப்பிடச் சொல்லிப் பீகார் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் இன்று வீடு வீடாகச் செல்கின்றனர். திண்ணையில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் முதுகைப் பார்க்கின்றனர்.